மிளகாய் மேல் போட்ட பழி: பழவேற்காட்டு மீனவர் ஊர்களில் அஜீரணம்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் யாரிடம் வயிற்றைப் பற்றிக் கேட்டாலும் முதலில் மாட்டிக்கொள்வது மிளகாய்தான். அடுத்தது கருவாடு, அதற்கடுத்தது கடையில் வாங்கித் தின்ற பரோட்டா. மருத்துவர்களும் பெரும்பாலும் இதையே சொல்லி அனுப்புகிறார்கள்: "காரம் புளிப்பைக் குறைங்க." காரமும் புளியும் தூக்கலாக இல்லாவிட்டால் அதை மீன் குழம்பு என்றே ஒப்புக்கொள்ளாத ஊரில் இந்த அறிவுரை ஒரு வாரம் தாங்குவதே பெரிது. அதை வருஷக்கணக்கில் கடைப்பிடித்தாலும் பெரிய பலன் கிடைக்காது என்பது என் கட்சி. உலகெங்கும் நடந்த ஆய்வுகளையும், தென்னிந்திய வயிற்றைப் பற்றி அறுபது வருஷமாக நடக்கும் விவாதத்தையும் இந்த ஊர்களின் பிழைப்போடு சேர்த்து வைத்துப் பார்த்தால், தட்டில் என்ன விழுகிறது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. எந்த நேரத்தில் சாப்பிடுகிறார்கள், அதற்கு முன் எந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டார்கள் என்பவை முன்னால் வருகின்றன.

மருத்துவம் அஜீரணம் என்று சொல்வது எதை? மேல்வயிற்றில் வலி, மேல்வயிற்றில் எரிச்சல், நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துபோவது, சாப்பிட்ட பிறகு வெகுநேரம் கனமாகவே கிடப்பது. இந்த நான்கில் ஒன்றாவது தொடங்கி ஆறு மாதம் ஆகி, கடைசி மூன்று மாதம் விடாமல் தொந்தரவு கொடுத்து, எண்டோஸ்கோப்பியில் புண்ணோ கட்டியோ தெரியாவிட்டால் அதைச் செயல்பாட்டு அஜீரணம் என்கிறது 2016இல் வந்த 'ரோம் 4' வரையறை. குழாய் விட்டுப் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரிவதில்லை. இரைப்பை பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சாப்பாடு வரும்போது அதன் மேற்பகுதி தளர்ந்து இடம் கொடுக்காது, உள்ளே போனது காலியாக நேரமாகும், நரம்புகள் சின்ன உப்பலைக்கூட வலியாகச் சொல்லும். நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் கணக்குப்படி வேறு நோய். அமிலம் மேலேறி உணவுக்குழாயைத் தொடுவதால் வருவது. ஆனால் ஒரே ஆளிடம் இரண்டும் சேர்ந்து இருப்பது சர்வசாதாரணம். ஊரில் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'கேஸ்' என்றோ 'அல்சர்' என்றோ சொல்லிவிடுகிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை. கணக்கெடுக்கப் போகிறவர்தான் எந்த அறிகுறி என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

2015இல் அலெக்சாண்டர் ஃபோர்டும் அவருடைய சகாக்களும் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 'கட்' என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பரிசோதனைக்குப் போகாதவர்களையும் சேர்த்தால் உலகில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு (20.8 சதவீதம்) அஜீரணம் இருக்கிறது என்று தெரிந்தது. பெண்களுக்குச் சற்று அதிகம், புகைபிடிப்பவர்களுக்குச் சற்று அதிகம், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி வயிற்றில் இருப்பவர்களுக்கும் சற்று அதிகம். வலி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் வாய்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் போனது. அந்த நான்கில் பெரிய எண் அதுதான். மலேசியாவில் சஞ்சீவ் மகாதேவா குழுவினர் கிராமத்தையும் நகரத்தையும் ஒப்பிட்டபோது கிராமத்தில் அஜீரணம் குறைவாகவே இருந்தது. ஆகவே கிராமம் என்பதாலேயே வயிறு கெட்டுவிடுவதில்லை. அந்தக் கிராமத்தில் என்ன பிழைப்பு நடக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

தென்னிந்திய வயிற்றுக்கு மருத்துவ வரலாற்றில் ஒரு தனி இடம் உண்டு. எஸ். எல். மல்ஹோத்ரா என்ற ரயில்வே மருத்துவர், நாடு முழுக்க ஒரே நிர்வாகத்தின் கீழ் வேலை செய்த ரயில்வே ஊழியர்களை வடக்கு தெற்கு என்று ஒப்பிட்டு 1964இல் எழுதினார். சோறு தின்னும் பகுதிகளில் குடல்புண் அதிகம், கோதுமை ரொட்டி மெல்லும் வடக்கில் குறைவு என்பது அவர் கண்டது. மென்று தின்னும்போது உமிழ்நீர் நிறையச் சேர்வது காப்பு என்று அவர் நினைத்தார். மைசூரில் அறுவை மருத்துவராக இருந்த ஃபிராங்க் டோவியும் அதே வழியில் போனார். தீட்டிய அரிசியே முழு உணவாக இருக்கும் இடங்களில் புண் அதிகம், கேழ்வரகு போன்ற சிறுதானியம் தின்னும் இடங்களில் குறைவு என்றார். கொள்ளு முதலியவற்றில் இருக்கும் ஒருவகைக் கொழுப்புப் பொருள் இரைப்பையைக் காக்கிறது என்றும் வாதிட்டார். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைக் கண்டுபிடித்தார்கள். 1984இல் மார்ஷல் அதை வளர்த்த திரவத்தைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. அதோடு உணவைப் பற்றிய பழைய கேள்விகள் ஒதுங்கிப்போயின. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. இந்தியாவில் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் வயிற்றில் இந்தக் கிருமி இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. எல்லோரிடமும் இருக்கிற ஒன்று, சிலருக்கு மட்டும் ஏன் வலிக்கிறது என்பதைத் தனியாக விளக்கிவிட முடியாது. மல்ஹோத்ராவும் டோவியும் சொன்ன விடைகள் அரைகுறையாக இருக்கலாம். ஆனால் எந்த ஊரில், எந்த வேலையில், எந்தச் சாப்பாட்டில் என்று அவர்கள் கேட்ட கேள்வி இன்னும் தீரவில்லை.

பழவேற்காட்டில் அந்தக் கேள்வியைக் கடிகாரத்திலிருந்து தொடங்க வேண்டும். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் இருக்கும் இந்த ஏரி, சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தென்முனை திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில். முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்கும்போது இறாலும் அதோடு வந்து போகும். நல்ல இடங்களில் யார் எந்த நாள் வலை கட்டலாம் என்பதை ஊர் முறைவைத்துப் பிரித்துக்கொள்வதுதான் பாடு. இங்குள்ள பாடு முறையைப் பற்றி சாரா கூல்ட்ஹார்ட் 2008இல் எழுதியிருக்கிறார்; யாருக்குப் பங்கு, யாருக்கு இல்லை என்ற சாதிக் கணக்கும் அதில் வருகிறது. வயிற்றைப் பொறுத்தவரை முக்கியமான செய்தி வேறு: முறை வந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். காய்ச்சலானாலும் வயிற்றுவலியானாலும் அன்றைக்குப் போகாமல் இருக்க முடியாது.

நீர் ஏறுவதும் வடிவதும் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். வலை அதன் பின்னால் போகிறது, சாப்பாடு வலையின் பின்னால் போகிறது. இன்று இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் போனவர் நாலு நாள் கழித்து நள்ளிரவு தாண்டிச் சாப்பிடுகிறார், சாப்பிட்ட கையோடு படுக்கிறார். இரைப்பைக்கும் உள்ளே ஒரு கடிகாரம் உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் அமிலம் அதிகமாகச் சுரக்கும். மாலையிலும் இரவிலும் உண்ட உணவு காலையில் உண்டதைவிட மெதுவாகத்தான் வெளியேறும். ஆலையில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு வயிற்றுக் கோளாறும் புண்ணும் கூடுதல் என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. ஆலைத் தொழிலாளிக்காவது வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் என்று ஒரு நிலை உண்டு. ஏரித் தொழிலாளிக்கு ஷிஃப்ட் தினமும் மாறுகிறது.

பெண்களின் வேலையில் இது இன்னும் கடுமை. கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பத்துப் பெண்களைப் பாருங்கள். பனையோலையில் முடைந்த பரி என்ற கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவோ அதற்கும் குறைவோ ஆன நீரில் ஏறக்குறைய தவழ்ந்தபடி, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவிக்கொண்டு போவார்கள். கையில் அகப்படும் இறால் நேரே பரிக்குள் போகும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இப்படிக் குனிந்து வேலை செய்தால் எதுக்களிக்கும். அதனால் சாப்பிடாமலே இறங்குகிறார்கள். வாயில் பரி இருக்கும்வரை ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்க வழியில்லை. கரையேறி, இறாலை எடை போட்டுக் கொடுத்து, வீட்டுக்குப் போய்ச் சமைத்து, எல்லோரும் சாப்பிட்ட பிறகு தட்டில் கை வைக்கும்போது பகலில் பாதி போயிருக்கும். பசித்த வயிற்றில் வேகவேகமாக ஒரேயடியாக அள்ளிப் போட்டுக்கொள்வது, தளரத் தயாராக இல்லாத இரைப்பைக்குச் செய்யும் சோதனை. உலக ஆய்வுகளில் பெண்களுக்கு அஜீரணம் சற்று அதிகம் என்று வருவதற்கு ஹார்மோன்களையும் நரம்புகளையும் காரணம் சொல்வார்கள். கடைசியாகச் சாப்பிடுவது என்ற காரணத்துக்குக் கேள்வித்தாளில் இடமே இருப்பதில்லை.

அடுத்து மாத்திரை. என் கணக்கில் இந்தக் கட்டுரையின் நடுமையம் இதுதான். வலை இழுக்கிற தோள், படகு தள்ளுகிற இடுப்பு, பாய்மேல் உட்கார்ந்து இறால் உரிக்கிற முதுகு, எல்லாம் வலிக்கின்றன. மெடிக்கலில் நடக்கும் பேச்சு எந்தக் கடலோர ஊரிலும் ஒரே மாதிரிதான்.

"அண்ணே, உடம்பெல்லாம் முறிக்குது, ஒரு செட்டு குடுங்க."

"சாப்டியாப்பா?"

"டீ குடிச்சேன்."

காகிதத்தில் மடித்து வரும் அந்தச் செட்டில் டைக்ளோஃபெனாக்கோ அசிக்ளோஃபெனாக்கோ ஒன்று, பாராசிட்டமால் ஒன்று, துணைக்கு ஒரு 'கேஸ் மாத்திரை'. சில இடங்களில் குட்டியாக ஒரு ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்துகொள்ளும். வலி சட்டென்று விட்டுப்போவதன் ரகசியம் அதுதான். டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் வலியைத் தூண்டும் பொருளைத் தடுக்கும்போது, இரைப்பையின் உட்சுவரில் சளிப்படலத்தையும் இரத்த ஓட்டத்தையும் காக்கிற புராஸ்டாகிளாண்டினையும் சேர்த்தே தடுத்துவிடுகின்றன. சுவர் பாதுகாப்பில்லாமல் அமிலத்தின் முன் நிற்கிறது. மாத்திரையைச் சோற்றுக்குப் பிறகு விழுங்கினால் எரிச்சல் குறையலாம், ஆனால் இந்த ஆபத்து போகாது. காரணம், மருந்து இரத்தத்தில் கலந்த பிறகு செய்கிற வேலை இது. ஊசியாகப் போட்டாலும் அப்படியே. "ஊசி போட்டா வயித்துக்கு ஒண்ணும் ஆவாது" என்ற நம்பிக்கை இந்தப் பக்கம் மிகப் பரவலானது, முழுக்கத் தவறானது. ஸ்டீராய்டும் சேர்ந்தால் புண்ணுக்கான வாய்ப்பு பல மடங்கு ஏறும். இதிலே கொடுமை, வலி மாத்திரையால் வரும் புண் பலருக்கு வலிப்பதே இல்லை. முதல் அறிகுறியே கறுப்பாகப் போகும் மலமாகவோ இரத்த வாந்தியாகவோ இருக்கலாம்.

கூடவே வரும் கேஸ் மாத்திரைக்கும் ஒரு கதை இருக்கிறது. ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் வகைகளைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டால்தான் முழுப் பயன். சோறு தின்றுவிட்டு எரிகிறதே என்று போடுவதால் பலருக்குக் கேட்பதில்லை. உடனே இரண்டாகப் போடுகிறார்கள். மாதக்கணக்கில் போட்டுத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும். 2009இல் டென்மார்க்கில் வயிற்றுத் தொந்தரவே இல்லாதவர்களுக்கு எட்டு வாரம் இந்த மருந்தைக் கொடுத்து நிறுத்தியபோது, அவர்களில் கணிசமானவர்களுக்குப் புதிதாக நெஞ்செரிச்சல் வந்தது. 'மாத்திரையை விட்டால் எரியுது, அதனால விடவே முடியல' என்று சொல்பவர்களை நோயாளியாகவும் பார்க்கலாம், மாத்திரை உருவாக்கிய நோயாளியாகவும் பார்க்கலாம்.

புகையிலை, சாராயம், டீ மூன்றையும் வேகமாகக் கடந்துவிடலாம். நனைந்த கையோடு படகில் பீடி பற்றவைப்பது சிரமம், ஹான்ஸ் புகையிலையை உதட்டுக்குள் வைப்பது எளிது. 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெரியவர்களில் ஐந்தில் ஒருவர் ஏதாவதொரு புகையிலையைப் பயன்படுத்துகிறார். 2013இல் குட்காவுக்குத் தடை வந்த பிறகும் பொட்டலம் கிடைக்காமல் போகவில்லை. ஊறும் எச்சிலில் ஒரு பகுதி உள்ளேதான் போகிறது. நிகோட்டின் உணவுக்குழாயின் கீழ்வாயைத் தளர்த்துகிறது. மதுவும் அதையே செய்கிறது. குளிருக்கும் அலுப்புக்கும் வெறும் வயிற்றில் ஒரு குவார்ட்டர், மறுநாள் தலைவலிக்கு ஒரு வலி மாத்திரை என்று இரண்டும் சேரும்போது இரைப்பையில் இரத்தம் கசியும் வாய்ப்பு ஏறுகிறது. டீ தனியாகப் பெரிய குற்றவாளி இல்லை. டீயும் பன்னும் ஒரு வேளைச் சாப்பாட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்வதுதான் தொல்லை.

இனி மிளகாய்க்கு வருவோம். 1988இல் அமெரிக்காவில் டேவிட் கிரஹாம் குழுவினர், ஆரோக்கியமானவர்களுக்குக் காரசாரமான சாப்பாட்டைக் கொடுத்து எண்டோஸ்கோப்பியில் பார்த்தார்கள். இரைப்பைச் சுவரில் காயம் எதையும் காணவில்லை. ஆஸ்பிரின் கொடுத்தபோது காயம் தெரிந்தது. 2002இல் இத்தாலியில் செயல்பாட்டு அஜீரணம் உள்ளவர்களுக்கு மிளகாய்த் தூளை மாத்திரைக்கூட்டில் அடைத்து ஐந்து வாரம் கொடுத்தார்கள். முதலில் சிலருக்கு எரிந்தது, போகப்போக அறிகுறிகள் குறைந்தன. வலியைச் சொல்லும் நரம்புகளைக் காரத்தில் இருக்கும் கேப்சைசின் தொடர்ந்து தூண்டி மரத்துப்போகச் செய்வதுதான் விளக்கம். தினமும் காரம் தின்கிறவருக்கும் எப்போதாவது தின்கிறவருக்கும் வயிறு வேறுவேறு பதில் சொல்வது இதனால்தான். மிளகாய் யாரையும் தொந்தரவு செய்வதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஏற்கெனவே வயிறு கூசிப்போனவருக்கு எரியத்தான் செய்யும். ஆனால் அதைப் புண்ணுக்குக் காரணமாக்கி, செட்டு மாத்திரையை விடுதலை செய்வது தப்பான தீர்ப்பு.

கருவாடு வேறு வழக்கு. அது அஜீரணத்தைத் தருகிறது என்பதற்குச் சான்று பலமாக இல்லை. உப்பில் பதப்படுத்திய உணவுகள் இரைப்பைப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும் என்பதற்குச் சான்று பலமாகவே இருக்கிறது. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2018 அறிக்கையில் அதைச் சொல்கிறது. வயிற்றுக் கிருமியை 1994இலேயே புற்றுநோய்க் காரணிகளின் முதல் வரிசையில் சேர்த்துவிட்டார்கள். தென்னிந்தியாவில், குறிப்பாகச் சென்னைப் பகுதியில், இரைப்பைப் புற்றுநோய் வட இந்தியாவைவிட அதிகம் என்பது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நடத்தும் பதிவேட்டிலிருந்து பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி. ஆகவே கருவாட்டைத் தினம் என்பதிலிருந்து அவ்வப்போது என்று மாற்றச் சொல்லலாம், ஆனால் சரியான காரணத்தைச் சொல்லி மாற்றச் சொல்ல வேண்டும். பழைய சோற்றைப் பற்றிப் பேச்சு வந்தால், நொதித்த அந்தச் சோறு குடலுக்கு என்ன செய்கிறது என்பதைச் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறது. ஏரிக்குப் போகுமுன் ஒரு சட்டி பழையதைக் குடித்துவிட்டுப் போகிறவர், வெறும் டீயோடு போகிறவரைவிடப் புத்திசாலி என்றே எனக்குப் படுகிறது.

ஹெலிகோபாக்டர் கிருமி வருவது குழந்தைப் பருவத்தில், வீட்டுக்குள்ளேயே, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு. நெருக்கமான வீடு, ஒரே பாத்திரம், கை கழுவத் தண்ணீர்ப் பஞ்சம், கழிப்பறைக் குறை இவையெல்லாம் அதற்கு வழிவிடும். ஏரிக்கரையில் தோண்டினால் உவர்நீர்தான் வரும். குழாயும் லாரியும் கேனும்தான் குடிநீர். குடிக்கக் கேன் தண்ணீர் வாங்குகிற வீட்டில்கூடப் பாத்திரம் கழுவவும் கை கழுவவும் வேறு தண்ணீர்தான். கிருமியை மருந்தால் ஒழித்தால் அஜீரணம் போகுமா? ஏறத்தாழ 14 பேருக்குச் சிகிச்சை கொடுத்தால் ஒருவருக்குக் கூடுதல் பலன் கிடைக்கிறது. பேதி வரும்போதெல்லாம் மெட்ரோனிடசோலைக் கடையில் வாங்கிப் போடும் நாட்டில் கிருமி அந்த மருந்துக்கு அடங்காமல் போனதும் சேர்ந்துகொள்கிறது. புண் இருப்பவருக்கும் வீட்டில் இரைப்பைப் புற்றுநோய் வந்தவருக்கும் கண்டிப்பாகக் கொடுக்க வேண்டிய சிகிச்சை அது. ஊருக்கெல்லாம் அள்ளிவிட வேண்டியது அல்ல.

அரசு கொடுக்கும் மாத்திரைகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து வீடு தேடி வருகிறது, நல்ல திட்டம். ஆனால் சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின், சாப்பாட்டோடு சேர்த்துப் போடாவிட்டால் குமட்டலும் வயிற்றுப் பொருமலும் தரும். சாப்பாட்டு நேரமே நிலையில்லாதவரிடம் 'காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டோடு' என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்று மாத்திரையை நிறுத்திவிடுவார். இரும்புச்சத்து மாத்திரையும் வயிற்றைக் கலக்கும், மலத்தைக் கறுப்பாக்கும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அவர்களில் வலி மாத்திரையால் உள்ளே கசிந்து இரத்தம் குறைந்தவர் யார், சத்துக் குறைவால் குறைந்தவர் யார் என்று பிரிக்க, "உடம்புவலிக்கு என்ன போடுறீங்க அக்கா?" என்ற ஒரு கேள்வி போதும். அதைக் கேட்பவர் குறைவு.

மனத்தையும் விட்டுவிட முடியாது. அஜீரணமும் பதற்றமும் ஒன்றையொன்று வளர்ப்பவை. மூளைக்கும் குடலுக்கும் நரம்பு வழியாக இருபக்கப் போக்குவரத்து நடக்கிறது. இங்கே பதற்றத்துக்கு முகவரி தெளிவாக இருக்கிறது. முகத்துவாரத்தில் மணல் மூடினால் நீரோட்டம் நிற்கும், இறால் வராது, வலைக்கும் எஞ்சினுக்கும் வாங்கிய கடனின் தவணை மட்டும் வாரம் தவறாமல் வரும். அந்த வாரங்களில் தூக்கமும் சாப்பாடும் கெடுவதை எந்த மாத்திரையும் நேர்செய்யாது.

இதையெல்லாம் ஓர் ஆய்வாக யாராவது செய்ய வந்தால், கேள்வித்தாளோடு காலை பதினொரு மணிக்கு ஊருக்குள் போகக் கூடாது. அந்த நேரத்தில் ஆண்களில் பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் மீன் விற்கும் இடத்தில் இருப்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் சொல்வதே ஊர்க்கணக்காகிவிடும். 'ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுகிறீர்கள்' என்று கேட்டால் எல்லோரும் மூன்று என்பார்கள். நேற்று எத்தனை மணிக்கு, முந்தாநாள் எத்தனை மணிக்கு என்று கேட்டால்தான் உண்மை வரும். வலைக்குப் போகும் நேரம் மாறிக்கொண்டே இருப்பதால், அமாவாசையை ஒட்டிய வாரத்தில் ஒரு முறை, இடைப்பட்ட வாரத்தில் ஒரு முறை கேட்பது நல்லது. 'காரம் தின்கிறீர்களா' என்று இன்று கேட்டு முடிவெடுப்பதும் சிக்கல். வயிறு கெட்டவர் ஏற்கெனவே காரத்தைக் குறைத்திருப்பார், அதனால் காரம் குறைவாகத் தின்கிறவருக்குத்தான் அஜீரணம் அதிகம் என்று தலைகீழாக ஒரு முடிவு வரும். மாத்திரையைப் பெயர் சொல்லிக் கேட்டால் தெரியாது என்பார்கள். காலி அட்டையையும் மடித்த காகிதத்தையும் காட்டச் சொல்ல வேண்டும்.

எந்த வயிற்றுவலியை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பதையும் அதே கையோடு சொல்லிவிட்டு வரலாம். எடை குறைவது, சாப்பாடு விழுங்கும்போது அடைப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, இரத்தம் வருவது, இரும்பு மாத்திரை போடாமலே மலம் கறுத்து ஒட்டுவது, நாற்பது ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாக வரும் அஜீரணம் ஆகிய எல்லாவற்றுக்கும் எண்டோஸ்கோப்பி வேண்டும். இன்னொன்று உடனடி ஆபத்து. வலை இழுக்கும்போதோ கரை ஏறும்போதோ நெஞ்சின் நடுவில் அழுத்தி, வியர்த்து, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் 'கேஸ்' பெரும்பாலும் கேஸ் அல்ல, மாரடைப்பு. சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் மேல்வயிற்று மந்தமாகவும் வரும். 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் முதல் வேளை மருந்தாகக் கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். படகில் ஏறித்தான் வெளியே வர முடியும் என்ற ஊர்களில் இஞ்சிச் சாறும் சோடாவும் குடித்துப் பார்த்து ஒரு மணி நேரம் கழிப்பதைவிட, அந்த ஒரு மணி நேரத்தில் கரையைத் தொட்டுவிடுவது மேல்.